பகல் தூக்கத்துக்கு வந்தவர்கள்

சின்னவன் போனில் சொன்னதை மருமகள் யாரிடமும் சொல்லவில்லை.

"நாளைக்கு சாயங்காலம் ரயில், அண்ணி. அங்கேருந்து கப்பல். சமையல்கட்டுல வேலை. திரும்பி வர எத்தனை நாளாகும்னு தெரியல."

அவளும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "போறதுக்கு முன்னாடி கிடங்குக்கு வந்துட்டுப் போறியா? யாரையும் பாக்க வேண்டாம். சும்மா வந்துட்டுப் போ."

"பாக்கலாம் அண்ணி" என்று வைத்துவிட்டான்.

அவன் சொன்ன அந்த நாள் விடிந்துவிட்டது.

கிடங்கின் ஜன்னல்கள் கூரைக்குப் பக்கத்தில் இருந்தன. அங்கிருந்து வெயில் சாய்வாக இறங்கியது. அந்த வெயிலுக்குள் பஞ்சு இழைகள் மிதந்தன. கீழே விழ அவற்றுக்கு அவசரமே இல்லை. தரை முழுவதும் மெத்தைகள். எல்லாம் கடையிலிருந்து வந்தவை.

கடை என்றால் மெத்தைக் கடை. மாமனார் ஆரம்பித்தது. இப்போது பெரியவன் பார்த்துக்கொள்கிறான். அவன் மனைவி, வீட்டின் ஒரே மருமகள், பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித்தருகிறாள். நகராட்சியின் இந்தக் கிடங்கை ஒரு கண்காட்சிக்காக ஒரு நாளைக்குக் கேட்டு அவள் போனபோது அங்கிருந்த அதிகாரி கேட்டார்:

"படத்தை எல்லாம் எங்கேம்மா மாட்டுவீங்க?"

"மாட்ட மாட்டேன் சார். விரிப்பேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள்தான் மெதுவாக விளக்கினாள். வருகிறவர்கள் படுத்துத் தூங்கலாம். அவர்களைச் சுற்றி வீட்டு வேலை நடக்கும். பெருக்குவது, துணி மடிப்பது, பட்டாணி உரிப்பது, குழாயில் வாளி நிரம்புவது. அந்தச் சத்தத்தில் அவர்கள் தூங்குவார்கள். எழுந்ததும் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள், அடுத்தவர் தூங்குவதற்காக.

"இதுல கலை எங்கேம்மா இருக்கு?"

"தெரியல சார். செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போனதாலோ, சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதாலோ, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டில் பெரியவன் மட்டும் கடைசிவரை சிரித்தான். "தூங்கறதுக்கு ஒரு கண்காட்சியா? என் கடையில பில் போடறதுக்குள்ளயே பாதிப் பேர் தூங்கிடறான். அதையும் கலைன்னு சொல்லிடேன்."

"சொல்லலாமே" என்றாள் அவள்.

அவனுடைய அம்மா சிரிக்கவில்லை. "வீட்டு வேலை செய்யறதைப் பாக்க ஊரே வரப்போகுதா? இத்தனை வருஷமா செய்யறேன், ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே" என்றாள். பிறகு, "பட்டாணி நான் உரிக்கிறேன்" என்றாள்.

*

காலையில் முதலில் வந்தவர் ஒரு பாங்க் அதிகாரி. "எனக்குப் பகல்ல தூக்கமே வராது. சும்மா பாத்துட்டுப் போறேன்" என்று மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவருடைய குறட்டைதான் கிடங்கின் முதல் குறட்டையாக இருந்தது.

அடுத்து ஒரு பஸ் டிரைவர். படுத்தார், தூங்கினார், எழுந்தார். துடைப்பத்தை வாங்கிக்கொண்டு ஒரு மூலையிலிருந்து பெருக்க ஆரம்பித்தவர் வாசலுக்கு வந்ததும் அங்கேயே நின்றுகொண்டார். யார் வந்தாலும், "செருப்பை அப்படி ஓரமா விடுங்க. உள்ளே இடம் இருக்கு, முன்னாடி நகருங்க" என்று பஸ்ஸில் ஏற்றுகிற மாதிரியே ஏற்றினார்.

இரவு வேலை முடித்த நர்ஸ் ஒருத்தி வந்தாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். குழந்தை தூங்கவில்லை, அவள் தூங்கினாள். குழந்தையைப் பாங்க் அதிகாரி வாங்கிக்கொண்டார். அது அவருடைய கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டது. அவர் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி எடுத்து மாட்டிக்கொண்டார்.

வாசலில் ஒரே ஒரு பலகை இருந்தது. 'தூங்குகிறவரை யாரும் எழுப்பக் கூடாது.'

மருமகள் ஒரு தூணோடு சாய்ந்து நின்று கேட்டாள். முதலில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. துடைப்பம். போர்வை உதறும் சத்தம். கிண்ணத்தில் பட்டாணி விழும் சத்தம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. தூங்குகிறவர்களின் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. எந்த மூச்சு யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. கிடங்கே தூங்குகிற மிருகத்தின் வயிறு மாதிரி ஏறி இறங்கியது.

அவள் வாசலைப் பார்த்தாள். சின்னவன் இன்னும் வரவில்லை.

*

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில் பிள்ளைகள் இருவரும் முறை வைத்துக் கண்விழித்தார்கள். சின்னவனின் முறையில் ஒரு விடியற்காலை, அவன் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். அந்த நேரத்தில் அப்பா போய்விட்டார்.

அம்மா வந்தாள். அவனை உலுக்கி எழுப்பினாள். "உனக்குத் தூக்கம்தான் பெருசாப் போச்சா?" என்று கேட்டாள்.

கேட்டது அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஊரின் அந்தக் கோடியில் ஒரு பேக்கரியில் ராத்திரி வேலை. இரண்டு வருடமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா பேசாதபோது நான் எப்படிப் பேசுவது என்று பெரியவனும் பேசுவதில்லை.

அம்மாவும் அன்றிலிருந்து தூங்கவில்லை. படுப்பாள், புரள்வாள், எழுந்து உட்காருவாள். மெத்தைக்காரர் வீட்டில் தூக்கம் இல்லை என்று வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்?

*

வெயில் உச்சியைத் தாண்டியபோது சின்னவன் வந்தான். தோளில் பெரிய பை. இரவு முழுவதும் அடுப்பு முன்னால் நின்ற முகம். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் அவன் எண்ணம்.

பஸ் டிரைவர் விடவில்லை. "என்ன தம்பி, படியில நிக்கறீங்க? உள்ளே போங்க."

"இல்ல, நான் சும்மா..."

"எல்லாரும் சும்மாதான் வர்றாங்க. பையை இங்கே குடுங்க."

பை போய்விட்டது. அவன் உள்ளே வந்தான். நர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை காலியாக இருந்தது. படுக்கும் முன் அதன் நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். பஞ்சு எங்கே குறைந்தாலும் மூலையில்தான் முதலில் தெரியும். பிறகு படுத்தான். ஐந்து நிமிடம் என்று நினைத்திருப்பான். கையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான்.

மருமகள் எல்லாவற்றையும் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். அத்தையிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றாள்.

அதற்குள் அம்மா பட்டாணிக் கூடையை வைத்துவிட்டு எழுந்திருந்தாள். தூங்குகிறவர்களின் காலைப் போர்த்திவிடும் வேலையை அவளாகவே சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மெத்தையாகக் குனிந்து வந்தாள். நர்ஸின் காலைப் போர்த்தினாள். அடுத்த மெத்தைக்கு வந்தாள்.

போர்வை கையிலேயே நின்றுவிட்டது.

முகம் தெரியவில்லை. கால்தான் தெரிந்தது. கட்டைவிரலைவிட நீளமான இரண்டாவது விரல். பெற்றவளுக்கு அது போதும்.

அவள் நேராக மருமகளிடம் வந்தாள். "எப்போ வந்தான்?"

"இப்பத்தான் அத்தை."

"வாசல்ல இருக்கற பெரிய பை அவனுதா? எங்கே போறான்?"

மருமகள் சொன்னாள். ரயில், கப்பல், எல்லாவற்றையும்.

"சாயங்காலமா?"

"ஆமா அத்தை."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன். இல்ல, அவன் வராமப் போயிடுவானோன்னு..."

அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "இந்த மெத்தை, பட்டாணி, ஊர்க்கூட்டம், எல்லாம் இதுக்குத்தானா?"

"சத்தியமா இல்ல அத்தை. இதை நான் போன வருஷமே யோசிச்சேன். அவன் போன் பண்ணினது நேத்துத்தான்."

"சரி, எழுப்பு."

"எழுப்பக் கூடாது அத்தை."

"யார் போட்ட சட்டம்?"

"நான்தான்."

"நீ போட்டதை நீ எடு."

"அவன் ஒருத்தனுக்காக எடுத்தா, மத்தவங்க இனிமே எதை நம்பித் தூங்குவாங்க?"

அம்மாவின் குரல் தாழ்ந்தது. "எனக்கு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்மா. அன்னிக்குக் கேட்டேனே, அது வேணும்னு கேட்டதில்லன்னு. அது ஒண்ணுதான். சொல்லாம அவனைக் கப்பல் ஏத்திட்டா, நான் எப்படி..."

முடிக்கவில்லை. மருமகள், தான் எழுதி வைத்த பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நிமிடம் அது அவளுக்கே பிடிக்கவில்லை.

"அவனா எழுந்தா?" என்றாள் அம்மா.

"அவனா எழுந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய் சின்னவனின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள்.

அவனை எழுப்பாமலே எழுப்புவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். அவன் கடைக்குள் வளர்ந்த பிள்ளை. பஞ்சு அடிக்கிற சத்தத்தில் தூங்குவான். அடிக்கிற கை ஓய்ந்தால் உடனே கண்ணைத் திறந்துவிடுவான். சத்தம் இருந்தால் தூக்கம், சத்தம் நின்றால் முழிப்பு. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். இந்தப் பக்கத்தில் பட்டாணிச் சத்தம்தான் பெரிது.

அவள் கையை நிறுத்தினாள்.

சின்னவன் புரண்டான். முகத்தின் மேலிருந்த கை நழுவியது. புருவத்துக்கு மேலே மாவு ஒட்டியிருந்தது. துடைக்காமல் வந்திருக்கிறான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மணிக்கட்டில் அடுப்புச் சூடு பட்ட பழைய தழும்பு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இமைக்குள் விழி அசைந்தது. இன்னும் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, விழித்துவிடுவான்.

அவள் ஒரு பட்டாணிக் காயை எடுத்துப் பிளந்தாள்.

கிண்ணத்தில் மணிகள் விழுந்தன. அவன் விழி அடங்கியது. மூச்சு நீண்டது.

அவள் அடுத்த காயை எடுத்தாள்.

*

பெரியவன் கடையை மூடிவிட்டு வந்தபோது வெயில் எதிர்ச் சுவரில் ஏறியிருந்தது. தம்பியைப் பார்த்தான். தலைமாட்டில் அம்மாவைப் பார்த்தான். மனைவியிடம் வந்து நின்றான்.

"இவன் எதுக்கு இங்கே?"

"தூங்க."

"அம்மா?"

"உரிக்கறாங்க."

"நான் என்ன செய்யணும்?"

"படுங்க. இல்லன்னா துணி மடிங்க."

அவன் துணி மடித்தான். கடையில் உறை மடிக்கிற கை. மூலைக்கு மூலை சரியாக விழுந்தது. கைக்குழந்தைக்காரி பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். "வீட்டுல இந்த மாதிரி மடிச்சதே இல்லையே நீங்க" என்றாள் மருமகள். "வீட்டுல யாரும் டிக்கெட் வாங்கி வந்து பாக்கலையே" என்றான். "இங்கேயும் டிக்கெட் இல்ல" என்றாள் அவள்.

மருமகள் தண்ணீர் கொண்டுபோய் அம்மாவின் பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் கூடையைக் கவனித்தாள். கூடை காலி. பட்டாணி எப்போதோ தீர்ந்துவிட்டது. அம்மா கிண்ணத்திலிருந்து ஒரு கை மணியை அள்ளி, விரல் இடுக்கு வழியாக மறுபடி கிண்ணத்திலேயே விட்டுக்கொண்டிருந்தாள். அள்ளினாள், விட்டாள். அள்ளினாள், விட்டாள். கண் மகன் மேல் இருந்தது.

மருமகள் நகர்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு போர்வையின் மறைவு தேவைப்பட்டது. கிடங்கில் அதற்குக் குறைவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் இடைவெளி விட்டது. ஒரு கை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கை. அம்மாவின் தலை சரிந்து மெத்தையின் ஓரத்தில் பட்டது. கை கிண்ணத்துக்குள்ளேயே இருந்தது.

சத்தம் நின்றது.

சின்னவன் கண்ணைத் திறந்தான்.

முதலில் கூரையைப் பார்த்தான். பிறகு பக்கத்தில். அப்படியே அசையாமல் கிடந்தான். கன்னத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு அவன் நெற்றியில் பட்டது.

மருமகள் குனிந்து வந்தாள்.

"எவ்வளவு நேரமா அண்ணி?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

"நீ படுத்ததுலேருந்து."

"உரிச்சுக்கிட்டேவா?"

"பட்டாணி எப்பவோ தீந்துடுச்சு. நீ எழுந்துடக் கூடாதுன்னு வெறும் கையால..." அவள் செய்து காட்டினாள்.

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மெதுவாக எழுந்து, அம்மாவின் கையைக் கிண்ணத்திலிருந்து எடுத்தான். மறுபக்கம் யாரோ அம்மாவின் காலைப் பிடித்தார்கள். பெரியவன். இரண்டு பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள், ஒன்றாக மெத்தையில் இறக்கினார்கள். புது மெத்தையைக் கட்டிலில் இறக்குகிற அதே பதம். அம்மா அசையக்கூட இல்லை.

நர்ஸ் வந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "நல்ல தூக்கம். இப்படி ஒரு தூக்கம் எனக்கு வந்தா கும்பிடு போடுவேன்."

*

காவலாளி சாவிக்கொத்தோடு வந்தார். "பூட்டணும்மா. எல்லாரும் கிளம்புங்க."

"ஒருத்தர் தூங்கறாங்க" என்றாள் மருமகள்.

"எழுப்புங்க."

பாங்க் அதிகாரி குழந்தையோடு எழுந்து நின்றார். "சார், பலகையைப் படிச்சீங்களா?"

காவலாளி படித்தார். தலையைச் சொறிந்தார். "அப்போ என்ன செய்யறது? நான் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டாமா?"

எல்லோரும் பெரியவனைப் பார்த்தார்கள். அவன் வாசலைப் பார்த்தான். மெத்தை ஏற்றிவந்த தள்ளுவண்டி அங்கே நின்றது.

அண்ணனும் தம்பியும் மெத்தையை அம்மாவோடு அப்படியே நழுவவிட்டு வண்டியில் ஏற்றினார்கள். ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மற்ற மெத்தைகளைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று காவலாளி தானாகவே சொன்னார். சின்னவனின் பையை மருமகள் அம்மாவின் கால்மாட்டில் வைத்தாள். அவன் முன்னால் இழுத்தான், பெரியவன் பின்னால் தள்ளினான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யார் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

தெருவில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பஸ் டிரைவர் முன்னால் நடந்து, எதிரே வருகிற வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினார். பஸ் ஓட்டும்போது ஒருவரும் தனக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை என்றார். வண்டியில் ஒருத்தி அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்து ஒரு கடைக்காரர் பதறி எழுந்தார். நர்ஸ் கையை ஆட்டினாள். "தூக்கம்தாங்க, வெறும் தூக்கம்தான்."

அந்தச் செய்தி அவர்களுக்கு முன்னால் தெருவில் போனது. ஸ்கூட்டரில் வந்தவன் என்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போனான். ஒரு வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒரு தலையணை உறையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்று பார்த்தாள். சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

மருமகள் வண்டியின் பக்கத்தில் நடந்தாள். அதிகாரி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும் என்று தோன்றியது. ஆனால் அதைச் சொல்ல இந்தத் தெருவைத்தான் சுருட்டிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

தெரு முடிந்த இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ரயில் நிலையம். வலது பக்கம் கடை, அதற்கு மேலே வீடு.

சின்னவன் நின்றான். சக்கரம் நின்றது.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

அவளுக்கு முதலில் வானம் தெரிந்தது. பிறகு தலைகீழாக ஒரு முகம். புருவத்துக்கு மேலே மாவு.

"நல்லாத் தூங்கினியாடா?" என்றாள்.

"தூங்கினேம்மா" என்றான்.

"போதுமா? இன்னும் தூங்கணும்னா தூங்கு. எத்தனை நேரம் வேணும்னாலும் தூங்கு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவன் குனிந்தான். போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டான். கையை எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரமானது.

தூரத்தில் ஒரு ரயில் கூவியது. அவனுடையதா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. வண்டிக்குப் பின்னாலிருந்து பெரியவன் எட்டிப் பார்த்தான். இரண்டு வருடத்தில் தம்பியிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எந்தப் பக்கம்டா?"

சின்னவன் இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். பஸ் டிரைவர் கையைத் தூக்கியபடி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார். ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை.

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுபடியும் தூங்கிவிட்டிருந்தாள்.